‘வந்தாங்களாம்’ என்பதும் ‘வந்தோம்’ என்பதும்: மலையகத் தமிழர் கூடல்களில் புலப்பெயர்வுக் கதைகூறல்

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை மலையகத் தமிழர் தம் முன்னோர் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023 இல் நினைவுகூர்ந்தனர். அதனையொட்டிய கூடல்களில் தனிமனிதப் புலப்பெயர்வுக் கதைகள் பெருமளவில் சொல்லப்பட்டன, பதிவும் செய்யப்பட்டன. இக்கதைகளை வரலாற்றுச் சான்றுகளாகவோ உணர்ச்சி வெளிப்பாடுகளாகவோ மட்டும் கொள்வது அவற்றின் இயல்புக்குப் பொருந்துவதன்று. கதை சொல்பவர் தமக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள தொலைவையும், தமக்கும் அவைக்கும் உள்ள உறவையும் மொழியின் இலக்கணக் கூறுகளாலேயே உணர்த்துகிறார். கேள்விப்பொருள் தரும் ‘ஆம்’, ‘நாங்கள் – நாம்’ என்னும் தன்மைப் பன்மை வேறுபாடு, ‘வா – போ’ என்னும் வினைகளின் இடக்குறிப்பு ஆகிய மூன்றன் வழியாக இக்கதைகளை வாசிக்கலாம் என்பதும், எழுத்துப்பெயர்ப்பில் இவை அழியும்போது கதையின் உண்மைத்தன்மையே மாறிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மலையகம், புலப்பெயர்வு, வாய்மொழி வழக்காறு, உளப்பாட்டுத் தன்மை, கேள்விப்பொருள், எழுத்துப்பெயர்ப்பு, தாயகம் திரும்பியோர்.

முன்னுரை

2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் நிறைவுற்றது. தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கடல் கடந்து இறங்கி, மன்னார்க் காடு வழியே கண்டிச் சீமையை நோக்கி நடந்த பாதையை அவர்களின் வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்து பார்த்தனர். அவ்வாண்டு முழுவதும் மலையகத்திலும் அதற்கு வெளியிலும் நினைவுக் கூட்டங்கள் பல நடந்தன. அவற்றில் தலைவர்களின் உரைகளைக் காட்டிலும் முதியோர் எழுந்து நின்று சொன்ன குடும்பக் கதைகளே அவையினரைக் கட்டிப்போட்டன எனலாம்.

மலையக மக்களின் வாய்மொழி மரபைத் தொகுக்கும் முயற்சி புதியதன்று. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அதற்கு முன்னோடியாக அமைந்தது. பாடலுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் கதைக்குக் கிடைக்கவில்லை. பாடலுக்குச் சந்தமும் வடிவமும் உண்டு. ஆகவே அதனை இலக்கியமாகக் கொள்வதில் தயக்கம் எழுவதில்லை. அவையில் எழுந்து ஒருவர் தம் பாட்டனாரைப் பற்றிச் சொல்வதோ வெறும் ‘தகவல்’ என்று எண்ணப்படுகிறது. வரலாற்றாய்வாளர் அதிலிருந்து ஆண்டையும் இடப்பெயரையும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகிறார். இலக்கிய ஆய்வாளர் அதன் துயரத்தை மட்டும் எடுத்துரைக்கிறார். கூற்றாக அதனை நோக்குவோர் மிகச் சிலரே.

இக்கட்டுரை குறிப்பிட்ட ஒரு நேர்காணல் தொகுப்பை ஆராய்வதன்று. இத்தகைய அவைகளில் மீண்டும் மீண்டும் கேட்கக்கூடிய கூற்று வடிவங்களையே எடுத்துக்கொள்கிறது. கீழே காட்டப்படும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் அவ்வடிவங்களை விளக்கும் பொருட்டு அமைக்கப்பட்டவை.

கேள்வியும் காட்சியும்

1823 ஐத் தொடக்கமாகக் கொண்டால், இன்று எண்பது வயதுடைய ஒருவருக்கு முதல் வருகை ஐந்தாறு தலைமுறைக்கு முந்தியது. அதனைக் கண்டவர் எவரும் இன்றில்லை. சொல்பவர் இதனை நன்கறிவார். அறிந்ததைத் தம் மொழியிலேயே பதிந்தும் வைக்கிறார்: “எங்க பாட்டனாருக்குப் பாட்டன் காலத்துல மன்னார்க் காட்டு வழியா நடந்து வந்தாங்களாம். வர்ற வழியிலேயே பாதிச் சனம் செத்துப் போச்சாம்.”

வினைமுற்றின் இறுதியில் ஒட்டி நிற்கும் ‘ஆம்’, இச்செய்தி தாம் கண்டதன்று, பிறர் வாய்க் கேட்டது என்பதை உணர்த்துகிறது. பிற மொழிகள் சில ‘என்று சொல்கிறார்கள்’ என ஒரு தனித்தொடரால் உணர்த்தும் பொருளைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் உணர்த்திவிடுகிறது. அவ்விடைச்சொல் வரும் இடத்தையும் வராத இடத்தையும் கணக்கிட்டாலே கதையின் அமைப்பு புலப்படும். முதல் வருகையைச் சொல்லும் பகுதியில் ‘ஆம்’ தொடர்ந்து வரும். லயத்து வாழ்க்கை, காலைப் பெரட்டு, கணக்கப்பிள்ளையின் அதட்டல், பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனது ஆகியவற்றைச் சொல்லும்போது அது மறையும். 1964 ஒப்பந்தத்திற்குப் பின் அண்ணனையும் அக்காளையும் கோச்சியில் ஏற்றி அனுப்பிய நாளைச் சொல்லும்போது அறவே இராது. “ஏத்தி விட்டோம்” என்றுதான் வரும்.

ஆகவே ஒரே மூச்சில் சொல்லப்படும் கதைக்குள் இருவேறு அறிவு நிலைகள் உள்ளன. முன்பகுதி வழிவழி வந்த வழக்காறு. பின்பகுதி சொல்பவரின் சொந்தச் சாட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஆய்வாளரின் பிழை. சொல்பவர் அவ்வாறு வைக்கவில்லை.

தேங்காயும் மாசியும்

மலையகத்தில் பெரிதும் வழங்கும் கதைக்கூறு ஒன்று இதனை மேலும் தெளிவாக்கும். தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி ஆட்களைக் கூட்டி வந்தனர் என்பது அக்கதை. நினைவுக் கூட்டங்களில் இது சொல்லப்படும்போது அவை சிரிக்கும். சிரித்து முடிந்ததும் அமைதியாகிவிடும்.

இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொண்டால் உடனே ஒரு தடை எழுகிறது. முதலில் வந்தவர்கள் தேயிலைக்கு வரவில்லை, கோப்பிக்கு வந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867 இல். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. எனவே 1820 களில் எவரும் ‘தேயிலைத் தூர்’ என்று ஆசைகாட்டியிருக்க முடியாது. இதனைச் சுட்டிக் கதையையே பொய் என்று தள்ளுவோர் உளர். அது அவசர முடிவு. இந்திய அரசு 1939 ஆகஸ்டில் தொழிலாளர் வெளியேற்றத்தைத் தடை செய்யும் வரை ஆட்சேர்ப்பு நடந்தது. ஆட்களில் பெரும்பகுதியினர் தேயிலைக் காலத்தில் வந்தவர்கள். அக்காலத்தில் அவ்வாறு சொல்லி அழைத்திருக்கலாம். பின்னர் அது முதல் வருகையின் கதையோடு இணைந்திருக்கலாம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பகுதிகளில் பஞ்சத்தால் வாடிய நிலமற்ற கூலிக்கு ஆசைகாட்ட நெல்லுச்சோறு ஒன்றே போதும். 1876 இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நினைத்தால் இது விளங்கும். தேங்காயும் மாசியும் சேர்ந்தால் கிடைப்பது சம்பல். அஃது இலங்கை அடுக்களையின் உணவு. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரங்களில் மாசி அறியப்பட்ட பொருள்தான். எனினும், உள்நாட்டுப் புன்செய் ஊர்களிலிருந்து சென்றவர்களின் கனவுப் பண்டமாக அது இருந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது. ஆகவே, இக்கதைக்கூறு இலங்கைக்கு வந்து, சம்பலும் ரொட்டியும் உண்டு பழகிய தலைமுறையினர் தம் முன்னோரின் ஏமாற்றத்தைத் தம் உணவுச் சொற்களால் பின்னோக்கிச் சொன்னது என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தில் ‘ஆம்’ செய்யும் வேலை நுட்பமானது. “தேங்காயும் மாசியும் கெடைக்குமாம்” என்று சொல்லும்போது அச்சொல் கேள்விப்பொருளை மட்டும் தருவதில்லை. ‘பெரிய மனுசனாம்!’ என்பதில் போல இகழ்ச்சிக் குறிப்பும் அதிலே உண்டு. இகழப்படுவோர் யார்? ஆசைகாட்டிய கங்காணியா, அதனை நம்பிய முன்னோரா? சொல்பவரின் குரலில் இரண்டும் கலந்திருக்கும். அவை சிரித்துப் பின் அமைதியாவதற்குக் காரணம் இதுவே என்று கொள்ளலாம்: முதலில் கங்காணியின் பொய்க்குச் சிரிக்கிறார்கள், பிறகு தாம் சிரித்தது தம் பாட்டியின் பசியை நோக்கி என்பது உறைக்கிறது.

நாங்களும் நாமும்

தமிழ் இலக்கண மரபு தன்மைப் பன்மையை ‘உளப்பாடு’ என்னும் கருத்தால் விளக்குகிறது. பேசுவோன் தன்னொடு யாரை உளப்படுத்துகிறான் என்பதே வினா. தொல்காப்பிய வினையியலும் அதன் உரைகளும் முன்னிலையாரை உளப்படுத்தலையும் படர்க்கையாரை உளப்படுத்தலையும் விகுதிகளின் வழி வேறுபடுத்துகின்றன. இன்றைய வழக்கில் ‘வந்தோம்’ என்னும் வினைமுற்று இரண்டிற்கும் பொதுவாகிவிட்டது. பெயரில் அவ்வேறுபாடு நிலைத்திருக்கிறது: ‘நாங்கள்’ கேட்போரை நீக்கும், ‘நாம்’ கேட்போரைச் சேர்க்கும்.

மலையகக் கூடல்களில் கதை சொல்வோர் இவ்விரண்டிற்கும் இடையே நகர்கின்றனர். தம் குடும்பத்தைச் சொல்லும்போது ‘நாங்க’, ‘எங்க’ என்பர். கதை முடியும் தறுவாயில் ‘நம்ம சனம்’, ‘நாம பட்ட பாடு’ என்று மாறுவர். தனிமனிதக் கதை சமூகத்தின் கதையாகும் இடம் இதுதான். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு மக்கள்திரளுக்கு, ‘நாம்’ என்று ஓர் அவையில் சொல்வது அரசியல் செயலும் ஆகும். சட்டம் ஒவ்வொருவரையும் தனித்தனி விண்ணப்பதாரராக நிறுத்தியது. கூடல் அவர்களை மீண்டும் ஒரு பன்மைக்குள் கொண்டுவருகிறது. இதன் மதிப்பைக் குறைத்துக் கூறுவதற்கில்லை.

எனினும் ‘நாம்’ எதனை விழுங்குகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். கூடற் கதைகளில் கங்காணி பெரும்பாலும் படர்க்கை ஒருமையில் வருவான்: “கங்காணி நம்மள ஏமாத்திக் கூட்டியாந்தான்.” ஆட்சேர்ப்பு முறையோ இத்தொடர் காட்டும் அளவு எளியதன்று. கங்காணி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் திரட்டினான். அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். தலைக்காசு பெற்றதும், தொழிலாளியின் கடனைத் ‘துண்டு’ச் சீட்டில் எழுதித் தோட்டத்திற்குத் தோட்டம் மாற்றியதும் துரையின் முறைமை, அதனை நடத்திக் கொடுத்தது தமிழ்க் கை. அக்கையின் வழித்தோன்றல்களும் இன்று அதே அவையில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களும் ‘நாம்’ என்பதனுள் அடங்குவர். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே தன்மைப் பன்மைக்குள் வந்துவிட்டபின் கங்காணியைப் படர்க்கைக்குத் தள்ளாமல் கதையை நடத்த இயலாது.

சாதியின் நிலையும் இதுவே. தோட்டங்களுக்கு வந்தோரில் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. ஊரை விட்டுச் செல்வதற்குப் பஞ்சம் மட்டும் காரணமன்று. பண்ணையடிமை நிலையும் காரணம். தனி உரையாடலில் இதனைச் சொல்லக்கூடிய முதியவர் பொது அவையில் ‘பஞ்சம் பொழைக்க வந்தோம்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வது வியப்பன்று. பஞ்சம் எல்லாருக்கும் பொது. அதனை ‘நாம்’ என்று சொல்லலாம். சாதியைச் சொன்னால் ‘நாங்கள்’ என்றாக வேண்டும். உடனே அவை இரண்டாகும். ஆகையால் ஒரு கதை எங்கே ‘நாம்’ ஆகிறது என்பதோடு, எதைத் தவிர்த்ததனால் அவ்வாறு ஆக முடிந்தது என்பதும் திறனாய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டியது.

பெண்களின் கதைகளில் இந்நகர்வு சற்றே வேறுபடுகிறது. கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் ‘நாங்க’ என்னும்போது அதில் உளப்படுவோர் பெரும்பாலும் அவரோடு ஒரே மலையில் நின்ற பெண்கள். அவருடைய ‘நாங்க’ குடும்பத்தையும் குறிக்கவில்லை, சமூகம் முழுவதையும் குறிக்கவில்லை; ஒரு வேலைக்கூட்டத்தைக் குறிக்கிறது. அதனை ‘மலையக மக்களாகிய நாம்’ என்று விரித்து எழுதும் பதிவாளர் அவருடைய வரலாற்றையே அழித்துவிடுகிறார். சம்பளத்தைக் கணவன் வாங்கிய காலம் ‘நாம்’ என்பதில் அடங்காது.

வருதலும் போதலும்

தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்த முறை. பேசுவோன் நிற்கும் இடமே வினையைத் தீர்மானிக்கிறது. புலப்பெயர்வுக் கதைகளில் இது முதன்மையான தடயமாகும்.

1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதென்றும் உடன்பாடாயிற்று. 1974 இல் அவர்களும் பாதிப் பாதியாகப் பகிரப்பட்டனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல் 1984 வரை ஓடியது. முற்காலத்தில் இலங்கைக்குச் செல்வோரைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமே பிற்காலத்தில் அங்கிருந்து வந்தோரை வரவேற்கும் இடமும் ஆயிற்று.

இதன் விளைவாக ஒரே குடும்பக் கதைக்கு இன்று இரண்டு வினைவடிவங்கள் உள்ளன. அட்டனில் நின்று சொல்பவருக்குப் பாட்டன் ‘வந்தார்’, சித்தப்பா ‘போனார்’. கோத்தகிரியிலோ கூடலூரிலோ நின்று சொல்பவருக்குப் பாட்டன் ‘போனார்’, ‘நாங்கள் வந்தோம்’. நிகழ்ச்சிகள் ஒன்றே, நிற்கும் இடத்தால் வினை மாறிவிட்டது. தமிழக அரசு ஆவணங்கள் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்கின்றன. ‘திரும்புதல்’ என்னும் வினை முன்பு இங்கிருந்தவர் என்பதை முன்கொள்கிறது. இலங்கையில் பிறந்து வளர்ந்து முதன்முறையாக இராமேசுவரத்தில் கால்வைத்த இளைஞருக்கு அது பொருந்தாது. இலங்கையின் மக்கள்தொகைக் கணக்கு 1911 முதல் ‘இந்தியத் தமிழர்’ என்று வகைப்படுத்தியது. நீலகிரியில் அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்றனர். இரண்டு பெயரும் அவர்கள் நிற்காத கரையைச் சுட்டுபவை.

ஆகவே நீலகிரிக் கதைகளில் வரும் வினைகளைக் கூர்ந்து கேட்க வேண்டும். ‘வந்தோம்’ என்கிறாரா, ‘வந்து சேந்தோம்’ என்கிறாரா, ‘அனுப்பிட்டாங்க’ என்கிறாரா? முதலாவதில் விருப்பம் உண்டு; இரண்டாவதில் வழியின் இன்னல் உண்டு; மூன்றாவதில் எழுவாயே வேறு. ‘தாயகம் திரும்பினோம்’ என்று பேச்சில் சொல்பவர் அரிதாகவே இருப்பர். அது குடும்ப அட்டையின் மொழி. மனுக்கொடுக்கும் இடத்தில் அதனைப் பயன்படுத்துவார்கள். கதை சொல்லும் இடத்தில் விட்டுவிடுவார்கள்.

அவையின் குறுக்கீடு

கூடலில் சொல்லப்படும் கதை ஒருவருடையது மட்டுமன்று. ஒருவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் பின்வரிசையிலிருந்து மற்றொருவர் திருத்துவார். ‘அது பெரிய கங்காணி காலமில்ல, அதுக்குப் பொறகு’ என்பார். சொல்பவர் ஏற்பதும் உண்டு. மறுத்துத் தொடர்வதும் உண்டு. தனி நேர்காணலில் கிடைக்காத ஒரு சரிபார்ப்பு இங்கே இயல்பாக நடைபெறுகிறது. ஆனால் பதிவு செய்யப்பட்ட ஒலியைப் படியெடுக்கும்போது முதலில் நீக்கப்படுவது இக்குறுக்கீடே. ‘இரைச்சல்’ என்று கருதப்பட்டுவிடுகிறது.

அவைக்கு மற்றொரு முகமும் உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் அரசியல்வாதியா, நிதி வழங்குபவரா, பல்கலைக்கழக ஆய்வாளரா என்பதற்கேற்பக் கதையின் நீளமும் அழுத்தமும் மாறும். கேட்போர் எதிர்பார்க்கும் துயரத்தைச் சொல்பவர் அறிந்திருக்கிறார். 1977 வன்செயலுக்குப் பின் மலையை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறியவர்களின் கதைகள் இருநூறாண்டு நினைவில் ஓரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணமாகலாம். ‘காட்டு வழி நடந்து வந்தோம், மலையைப் பொன்னாக்கினோம்’ என்னும் நேர்க்கோட்டில் அவை பொருந்துவதில்லை.

எழுத்துப்பெயர்ப்பில் நேரும் மாற்றம்

முன்னர்க் காட்டிய தொடரை நூலாக்கத்தின்போது நேரக்கூடிய வடிவில் நோக்குவோம். “எங்கள் முன்னோர் மன்னார்க் காட்டு வழியாக நடந்து வந்தனர். வழியிலேயே பாதிப் பேர் இறந்தனர்.” பிழையற்ற எழுத்துத்தமிழ். ஆயினும் இரண்டு ‘ஆம்’களும் நீங்கிவிட்டன. கேள்வி சாட்சியமாயிற்று. ‘பாதிச் சனம்’ என்னும் பேச்சு வழக்கில் இருந்த மிகுதிப்பொருள் ‘பாதிப் பேர்’ என்னும் எண்ணிக்கைப்பொருளாயிற்று. இதனை மேற்கோளாக எடுக்கும் அடுத்த ஆய்வாளர் ஐம்பது விழுக்காடு என்று எழுதிவிட இன்னும் ஒரு படியே உள்ளது.

வட்டார வழக்கும் இங்கே கருதத்தக்கது. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ என்பதே கேட்போரையும் உளப்படுத்தி வழங்குவதுண்டு. மலையகப் பேச்சு இவ்வகையில் தமிழக வழக்கைச் சார்ந்தது. பதிப்பிப்போர் தம் வழக்குக்கேற்ப இச்சொற்களை மாற்றினால் யார் யாரோடு தம்மைச் சேர்த்துக்கொண்டார் என்பது தெரியாமற் போகும்.

துயரைச் சொல்பவரின் இடைச்சொல்லை எண்ணிக்கொண்டிருப்பது நெஞ்சற்ற செயலாகாதா என்னும் வினா எழலாம். மறுதலையாகவே கருத வேண்டும். காணி உரிமைக்கும் வீட்டுரிமைக்குமான கோரிக்கைகளில் இன்று இக்கதைகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. தேயிலைத் தூர் பற்றிய ஒரு செய்தி காலத்தால் பொருந்தவில்லை எனக் காட்டி முழுக்கதையையும் மறுப்பது எதிர்தரப்பினர்க்கு எளிது. சொல்பவர் ‘ஆம்’ என்று சொல்லியே இருந்தார். தாம் கண்டதாகச் சொன்னவை வேறு. அவர் பிரித்து வைத்ததை நாம் கலந்துவிட்டு, கலப்பின் பழியை அவர்மேல் சுமத்துவது முறையன்று.

முடிவுரை

மலையகக் கூடல்களில் சொல்லப்படும் புலப்பெயர்வுக் கதைகள் தமக்குரிய சான்றாண்மையைத் தம் மொழிக்குள்ளேயே கொண்டுள்ளன. எது கேட்டது, எது கண்டது, யாரைச் சேர்த்து, யாரை நீக்கி, எந்தக் கரையில் நின்று சொல்லப்படுகிறது என்பவற்றைச் சொல்பவர் மறைக்கவில்லை. அவற்றைக் கேட்பதற்கான இலக்கணம் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளது. வாய்மொழிக் கதைகளுக்கு அதனைப் பயன்படுத்தாமலிருந்தோம். இனிவரும் தொகுப்புகளில் ‘ஆம்’ ஈறுகளும், தன்மைப் பன்மை வடிவங்களும், அவையினரின் குறுக்கீடுகளும் பேச்சில் உள்ளவாறே படியெடுக்கப்பட வேண்டும். சொல்பவர் ஒப்பாமல் அவருடைய ‘நாங்க’ என்பதை ‘நாம்’ என விரிக்கக் கூடாது.

1930 களில் ஆள்கட்டியோடு வந்த கடைசித் தலைமுறையினரைக் குழந்தைப் பருவத்தில் கண்டவர்கள் இன்று முதுமையின் எல்லையில் உள்ளனர். அவர்களுக்குப் பின் முதல் வருகையின் கதை மேலும் ஒரு தலைமுறை விலகிய கேள்வியாகிவிடும். கப்பலேறிய உறவினரை வழியனுப்பியவர்களின் ‘விட்டோம்’ என்பதும் ஒருநாள் ‘விட்டாங்களாம்’ ஆகும். அம்மாற்றம் நிகழும் முன்னர், அவர்கள் சொல்லும் வினைமுற்றுகளை அவர்கள் சொன்னபடியே எழுதிவைப்பது நம் கடமை.